ஆடலோட்ட அலையை ஆர்டுயினோ வாசிக்க: நடுப்புள்ளி அமைக்கும் முறை

இலங்கையில் மின்சாரத்தின் உச்சநேரமாகக் கணக்கிடப்படும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை வீட்டு வோல்ட்டளவு எவ்வளவு இறங்குகிறது? குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசர் கிளம்பும் நொடியில் எவ்வளவு சரிகிறது? நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டான ஆர்டுயினோவைப் பழகத் தொடங்கியவருக்கு இதைப் பதிவுசெய்வது நல்லதொரு வேலை. ஆனால் 9 வோல்ட் டிரான்ஸ்போமர் ஒன்றை எடுத்து, இரண்டு ரெசிஸ்டரால் வோல்ட்டளவைக் குறைத்து, போர்டின் அனலாக் உள்ளீடான ஏ0 பின்னில் கொடுத்துப் பார்த்தால் திரையில் அரை அலைதான் வரும். மற்ற அரை பூச்சியத்தில் தட்டையாகக் கிடக்கும்.

ஆடலோட்டம் (ஏசி) பூச்சியத்துக்கு மேலேயும் கீழேயும் ஆடுகிறது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்போ 0 முதல் 5 வோல்ட் வரைதான் வாசிக்கும். பின்னில் மைனஸ் 0.5 வோல்ட்டுக்குக் கீழே போவதையும், சிப்புக்குக் கிடைக்கும் மின்வழங்கலை விட 0.5 வோல்ட் மேலே போவதையும் அது தாங்கும் என்று தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே வேலை இரண்டு. ஒன்று, அலையைச் சிறிதாக்குவது. மற்றது, அந்தச் சிறிய அலை பூச்சியத்தைச் சுற்றி ஆடாமல் 2.5 வோல்ட்டைச் சுற்றி ஆடும்படி முழுவதையும் மேலே தூக்குவது. சிறிதாக்குவது எல்லாருக்கும் சரியாக வந்துவிடும். தூக்குகின்ற அந்த 2.5 வோல்ட் நடுப்புள்ளியைத்தான் அக்கறையில்லாமல் கட்டுகிறார்கள், பிறகு வாசிப்பு ஏன் ஆடுகிறது என்று தேடுகிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் புள்ளியைப் பற்றியது.

முதலில் ஒரு கண்டிப்பு

230 வோல்ட் மின்சாரத்தை ரெசிஸ்டர்களால் நேரடியாகப் பிரித்து ஆர்டுயினோவுக்குக் கொடுக்கும் படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. அவற்றைச் செய்யாதீர்கள். கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் போர்டின் கிரவுண்ட் மின்சாரக் கம்பியோடு ஒட்டியிருக்கும். யூஎஸ்பி வயரைச் செருகியதும் மடிக்கணினியின் உடலும் அதோடு சேரும். பழைய வீடுகளில் வட்டமுள் 5 அம்பியர், 15 அம்பியர் பிளக் பொயின்ட்டுகளும் அவற்றில் மாட்டும் அடாப்டர்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் இடம் மாறியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. மின்னோட்டம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது விழும். ஒரு கை உயிர்க்கம்பியிலும் மற்றக் கை நொதுமலிலும் பட்டால், அதற்கு நீங்களும் ஒரு மின்குமிழ்தான், விழாது. ஆகவே டிரான்ஸ்போமர் இல்லாமல் இந்த வேலை வேண்டாம்.

வாங்க வேண்டியவை

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் உள்ள இலத்திரனியல் கடைகளில் எல்லாம் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று, 82 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று. எல்லாம் கால் வாட், மெட்டல் பிலிம், ஒரு சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். 10 மைக்ரோஃபரட் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒன்று, 10 நானோஃபரட் செரமிக் ஒன்று. பிறகு பற்றவைக்காமல் சுற்றுக் கட்ட உதவும் பிரெட்போர்ட், வயர்கள். 82 கிலோ ஓம் கிடைக்காவிட்டால் 100 கிலோ ஓம் போதும். அலை சற்றுச் சிறிதாகும், வேறு பாதகமில்லை.

ஒரு சதவீத ரெசிஸ்டரில் ஐந்து வளையங்கள். 10 கிலோ ஓமுக்குக் கபிலம், கறுப்பு, கறுப்பு, சிவப்பு, கபிலம். 100 கிலோ ஓமுக்குக் கபிலம், கறுப்பு, கறுப்பு, செம்மஞ்சள், கபிலம். நீல நிற உடம்பில் மங்கலான சிவப்பையும் செம்மஞ்சளையும் கடை வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம். போர்டில் குத்துமுன் ஒவ்வொன்றையும் மல்ட்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, இரண்டு மணித்தியாலத் தேடலைத் தவிர்க்கும்.

டிரான்ஸ்போமர் விடயத்தில் நிதானம் வேண்டும். மிகப் பாதுகாப்பானது, சுவரில் செருகும் அடாப்டர் வடிவில் வருகின்ற, வெளியீடும் ஆடலோட்டமாகவே இருக்கின்ற 9 வோல்ட் பெட்டி. கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நேரோட்டம் (டிசி) தருபவை. அவை இதற்கு உதவாது. கையில் பாரமாக இருந்தால் உள்ளே இரும்புக் கருவுள்ள டிரான்ஸ்போமர் இருக்கும் என்பது உண்மை, ஆனால் பாரமான சிலவற்றிலும் டயோட் எனப்படும் இருவாயிகளும் கப்பாசிட்டரும் சேர்த்து நேரோட்டமாக்கியிருப்பார்கள். லேபிளில் வெளியீட்டுக்குப் பக்கத்தில் நெளிகோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மீட்டரால் உறுதிசெய்யுங்கள்: ஏசி நிலையில் 9 வோல்ட்டுக்கு மேலே ஒரு பெறுமானம், டிசி நிலையில் கிட்டத்தட்டப் பூச்சியம். இரண்டு நிலையிலும் அளப்பது அவசியம். மலிவான மீட்டர்கள் சில ஏசி நிலையில் வைத்து நேரோட்டத்தை அளந்தாலும் ஒரு பெரிய எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

அடாப்டர் கிடைக்காமல் வெறும் டிரான்ஸ்போமர் வாங்க நேர்ந்தால் பெரும்பாலும் 9-0-9 என்ற வகைதான் கையில் வரும். அதன் வெளியீட்டில் மூன்று வயர்கள். நடு வயரையும் ஓரத்து வயர் ஒன்றையும் மாத்திரம் எடுங்கள். மூன்றாவதன் நுனியை வெட்டி, சுருங்கு குழாய் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு ஓர வயர்களையும் எடுத்தால் 18 வோல்ட் வந்துவிடும், கீழே வரும் கணக்கு முழுவதும் இரட்டிப்பாகிப் பிழைக்கும். 230 வோல்ட் பக்கத்தில் 100 மில்லிஅம்பியர் அளவில் ஒரு பியூஸ், மூடிய பிளாஸ்டிக் பெட்டி, வயர் இழுபடாமல் பிடிக்கும் கிளிப் ஆகிய மூன்றும் இல்லாமல் வெறும் டிரான்ஸ்போமரைப் பிளக்கில் செருகக் கூடாது. இந்தப் பகுதியை வயரிங் தெரிந்தவரைக் கொண்டு செய்விப்பது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

படி 1: உண்மையான வோல்ட்டளவை அளத்தல்

9 வோல்ட் என்று எழுதியிருப்பது முழுச் சுமை ஏற்றியபோது வரும் பெறுமானம். நமது சுற்று அதிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் அற்பம், ஆகவே சிறிய டிரான்ஸ்போமர் ஒன்று 11 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். மீட்டரை ஏசி நிலையில் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே வேளையில் வீட்டு மின்சாரம் எவ்வளவு என்பதையும் சுவரில் செருகும் வோல்ட் மீட்டரால் பார்த்துக் குறியுங்கள். இங்கே உதாரணத்துக்கு, 230 வோல்ட் இருக்கும்போது 11.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் பெறுமானம், அதாவது ஆடும் அலையின் பயனுறு அளவு. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு. 11.2 வோல்ட் என்றால் உச்சி 15.8 வோல்ட், மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை 31.7 வோல்ட். 9 வோல்ட்டை 5 வோல்ட்டுக்குள் அடக்கினால் போதும் என்று நினைத்தவருக்கு முதல் அடி இங்கேதான் விழும்.

படி 2: எவ்வளவு குறைப்பது

இலங்கையில் 230 வோல்ட்டுக்குக் கூடவோ குறையவோ 6 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்ட எல்லை. அதாவது ஏறத்தாழ 216 இலிருந்து 244 வரை. அதற்கு மேலே போகும் நாளையும் பதிவுசெய்வதுதான் இந்தக் கருவியின் பயனே, ஆகவே 260 வோல்ட் வரை இடம் வைப்போம். 260 வரும்போது டிரான்ஸ்போமர் தருவது 11.2 × 260 ÷ 230, அதாவது 12.66 வோல்ட். உச்சி 17.9 வோல்ட்.

2.5 வோல்ட் நடுவிலிருந்து இரு பக்கமும் 2.5 வோல்ட் இருக்கிறது என்றாலும் அவ்வளவையும் நிரப்பக் கூடாது. யூஎஸ்பி வழங்கல் 4.75 ஆக இறங்கலாம், ரெசிஸ்டர்கள் சிறிது பிசகலாம். இரு பக்கமும் 0.3 வோல்ட் விட்டு, 2.2 வோல்ட்டுக்குள் உச்சியை அடக்குவது நல்ல அளவு. 2.2 ஐ 17.9 ஆல் வகுத்தால் 0.123. கீழ் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் என்றால் மேல் ரெசிஸ்டர் குறைந்தது 71 கிலோ ஓம் வேண்டும். கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 82. அதைப் போட்டால் விகிதம் 10 ÷ 92, அதாவது 0.1087, 260 வோல்ட்டிலும் உச்சி 1.95 வோல்ட்டைத் தாண்டாது.

கீழ் ரெசிஸ்டரை 100 கிலோ ஓம் ஆக்கி மேலதை அதற்கேற்ப உயர்த்தினாலும் விகிதம் அதேதான். ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள். சிப்பில் வோல்ட்டளவை எண்ணாக மாற்றும் பகுதியான ஏடிசிக்கு உள்ளே ஒரு சிறிய கப்பாசிட்டர் இருக்கிறது. ஒவ்வொரு வாசிப்பின்போதும் அது உங்கள் சுற்றிலிருந்து நிரம்ப வேண்டும். வெளித்தடை கூடினால் நிரம்பி முடிவதற்குள் வாசிப்பு முடிந்துவிடும். ஏடிமெகா328பிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் கீழ். 10 உம் 82 உம் சமாந்தரமாகச் சேர்ந்தால் 8.9 கிலோ ஓம்; எல்லைக்குள் நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையோரக் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. பற்றவைத்த இடத்தில் ஈயம் ஒட்ட உதவும் பிளக்ஸ் மிச்சம் இருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி, மெகா ஓம் அளவில் ஒரு கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்டராக மாறும். 10 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் அது பொருட்டல்ல. பெரிய ரெசிஸ்டர்களுக்குப் பக்கத்தில் அது வாசிப்பை நகர்த்திவிடும்.

படி 3: நடுப்புள்ளி

5 வோல்ட் பின்னிலிருந்து ஒரு 10 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10 கிலோ ஓம். இரண்டும் சந்திக்கும் இடம்தான் நடுப்புள்ளி. அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர். கோடு போட்ட மைனஸ் கால் கிரவுண்டுக்கு.

இந்தக் கப்பாசிட்டரை மிச்சம்பிடிக்க நினைக்க வேண்டாம். அது இல்லாதபோது நடுப்புள்ளி 5 கிலோ ஓம் தடைக்குப் பின்னால் நிற்கும் ஒரு தளர்ந்த புள்ளி. பக்கத்து வயரின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் யூஎஸ்பியின் துடிப்பும் அதில் அப்படியே ஏறும். 10 மைக்ரோஃபரட் போட்டதும் 50 ஹேர்ட்ஸுக்கு அந்த இடம் 318 ஓம் ஆகிவிடுகிறது. நேரோட்டத்துக்கு 2.5 வோல்ட், அலைக்கு ஏறத்தாழக் கிரவுண்ட்: நமக்கு வேண்டியது இந்த இரட்டைக் குணம்தான்.

இப்போது வேறெதையும் பொருத்தாமல் நடுப்புள்ளியை மாத்திரம் டிசி நிலையில் அளந்து பாருங்கள். 5 வோல்ட் பின்னில் உள்ளதன் பாதி வர வேண்டும். யூஎஸ்பி 4.9 தந்தால் 2.45, அது பிழையல்ல. பாதியிலிருந்து 0.1 வோல்ட்டுக்கு மேல் விலகியிருந்தால் ரெசிஸ்டர் ஒன்று மாறிப்போயிருக்கிறது, அல்லது கப்பாசிட்டர் தலைகீழாக இருந்து கசிகிறது.

படி 4: அலையை நடுப்புள்ளியில் ஏற்றுதல்

டிரான்ஸ்போமரின் ஒரு முனையை நடுப்புள்ளியில் நேரடியாகப் பொருத்துங்கள். மறுமுனையிலிருந்து 82 கிலோ ஓம், அதன் மறுபக்கத்திலிருந்து நடுப்புள்ளிக்கு மூன்றாவது 10 கிலோ ஓம். 82 உம் 10 உம் சந்திக்கும் இடம்தான் அளக்க வேண்டிய இடம். அங்கிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஏ0 பின்னுக்கு. ஏ0 இலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபரட்.

புதியவர் தவறும் இடம் ஒன்றே ஒன்று. டிரான்ஸ்போமரின் முனையை வழக்கம்போலக் கிரவுண்டில் பொருத்திவிடுவார்கள். இந்தச் சுற்றில் டிரான்ஸ்போமரின் எந்த வயரும் கிரவுண்டைத் தொடாது. முழு டிரான்ஸ்போமரும் 2.5 வோல்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் மின்னோட்டம் 82 கிலோ ஓம், 10 கிலோ ஓம், நடுப்புள்ளி, மீண்டும் டிரான்ஸ்போமர் என்று ஒரு வளையத்துக்குள்ளேயே சுற்றுகிறது. நடுப்புள்ளியின் ரெசிஸ்டர்களுக்குள் போவதில்லை. அதனால்தான் அலை ஏறியும் நடுப்புள்ளி அசைவதில்லை.

ஏ0 பின்னைப் பொருத்துமுன் இரண்டு அளவு எடுங்கள். அளக்கும் இடத்துக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே ஏசி நிலையில் 1.2 வோல்ட் அளவில் வர வேண்டும், 11.2 × 0.1087 = 1.217. அளக்கும் இடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி நிலையில் முன்பு பார்த்த அதே 2.5. இரண்டும் சரியென்றால் மாத்திரம் பின்னில் செருகுங்கள்.

1 கிலோ ஓம், பின்னுக்கான காவல். சிப்புக்குள் உள்ள காப்பு இருவாயிகள் ஒரு மில்லிஅம்பியர் அளவைத்தான் நிம்மதியாகத் தாங்கும். வயர் தவறிப் பட்டால் அந்த ரெசிஸ்டர் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இறங்கும் காலத்தில் கருவி தொடர்ந்து செருகியே இருக்குமென்றால், 230 வோல்ட் பக்கத்தில் பியூஸுக்குப் பின்னால் மிகை வோல்ட்டளவை அடக்கும் 275 வோல்ட் ஏசி வேரிஸ்டர் ஒன்றும் சேர்க்கலாம். 10 நானோஃபரட் கப்பாசிட்டர் ஏடிசிக்குக் கையிருப்பு மின்னேற்றம் தருகிறது, உயர் அதிர்வெண் இரைச்சலையும் தடுக்கிறது. அது 50 ஹேர்ட்ஸ் அலையை ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேலே பிந்த வைக்கும். வோல்ட்டளவு மட்டும் அளப்பவருக்கு இது எதுவுமில்லை. பின்னர் மின்னோட்டத்தையும் அளந்து வாட் கணக்குப் பார்ப்பவர் இரண்டு பின்களிலும் ஒரே கப்பாசிட்டரைப் போட வேண்டும்.

படி 5: அலையைக் கண்ணால் பார்த்தல்

கணக்குப் போடுமுன் வெறும் வாசிப்புகளை, எண்களைக் கோடாக வரைந்து காட்டும் ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் பிளாட்டரில் ஓட விடுங்கள். ஏடிசி 0 முதல் 5 வோல்ட் வரையை 0 முதல் 1023 வரையுள்ள எண்களாகத் தருகிறது. 230 வோல்ட்டில் அலை 512 ஐ நடுவாக வைத்து 160 க்கும் 864 க்கும் இடையே ஆட வேண்டும். உச்சி 1.72 வோல்ட், ஒரு எண் 4.88 மில்லிவோல்ட், ஆகவே இரு பக்கமும் 352. பெறுமானங்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் சீரியல் வேகம் போதாமல் அலை முறிந்து தெரியும். 200 வாசிப்புகளை முதலில் ஓர் அணியில் சேர்த்து, பிறகு மொத்தமாக அனுப்புங்கள்.

அலையின் உருவமே நோயைச் சொல்லும். கீழ்ப்பாதி பூச்சியத்தில் படுத்திருந்தால் டிரான்ஸ்போமர் முனை கிரவுண்டில் இருக்கிறது. உச்சிகள் 1023 இலும் 0 இலும் கத்தரித்தாற்போல் நின்றால் அலை பெரிது. 82 க்குப் பதில் வேறேதோ ரெசிஸ்டர், அல்லது 9-0-9 இன் இரு ஓரங்களும் எடுபட்டிருக்கின்றன. முழு அலையும் மெல்ல மேலும் கீழும் மிதந்தால் நடுப்புள்ளிக் கப்பாசிட்டர் பிரெட்போர்டில் சரியாகப் பிடிக்கவில்லை.

உச்சி 864 அளவில் மெதுவாகத் தட்டையாகியிருந்தால் பயப்படாதீர்கள். அது சுற்றின் பிழையல்ல. எல்ஈடி விளக்குகள், தொலைக்காட்சி, கணினி எல்லாம் அலையின் உச்சியில் மட்டுமே மின்னோட்டம் இழுப்பதால் வீட்டு மின்சாரத்தின் உச்சி உண்மையிலேயே சற்றுத் தட்டை. சிறிய டிரான்ஸ்போமரும் தன் பங்குக்கு அலையைக் கொஞ்சம் கோணலாக்கும். இதனால்தான் உச்சியை மட்டும் பிடித்து 1.414 ஆல் வகுக்கும் குறுக்குவழி பிழையான விடை தரும். முறையான ஆர்எம்எஸ் கணக்குத்தான் வேண்டும்.

படி 6: கணக்கு

ஊனோவில் ஒரு அனலாக் வாசிப்புக்கு 112 மைக்ரோசெக்கன் அளவில் எடுக்கும். ஒரு 50 ஹேர்ட்ஸ் அலை 20 மில்லிசெக்கன், ஆகவே ஓர் அலைக்கு 175 வாசிப்புகளுக்கு மேல் கிடைக்கும். 200 மில்லிசெக்கன் வாசியுங்கள். சரியாகப் பத்து அலைகள். 245 என்றோ 125 என்றோ வைத்தால் கால் அலை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் விடை சிறிது ஆடும்.

ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் நடுப்பெறுமானத்தைக் கழித்து, வர்க்கித்து, கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கழிக்கும் எண்ணை 512 என்று நிரலில் எழுதிவிடுவதுதான் அனேகர் செய்யும் பிழை. ரெசிஸ்டர்கள் ஒரு சதவீதம் பிசகினாலே நடு நாலைந்து எண் தள்ளி நிற்கும். நடுவை நிரலே கண்டுபிடிக்கட்டும். தொடக்கத்தில் 512 கொடுத்து, ஒவ்வொரு வாசிப்பின்போதும் வாசிப்புக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தின் 1024 இல் ஒரு பங்கை நடுவோடு சேர்த்துக்கொண்டே போங்கள். முதல் இரண்டு செக்கன் விடைகளை எறிந்துவிட்டால், அதன் பின் நடு தன் இடத்தில் நிலைத்துவிடும். இதற்குத் தசமம் தாங்கும் மாறி வேண்டும்.

வர்க்கிக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஊனோவில் சாதாரண முழு எண் மாறி 32,767 வரைதான் கொள்ளும். 352 இன் வர்க்கம் 1,23,904. மாறி நிரம்பி வழிந்து மைனஸ் எண்கள் வரும். வர்க்கமூலம் எடுக்கும்போது எண்ணே இல்லை என்று திரை சொல்லும், அல்லது நம்பும்படியான ஒரு பிழை எண்ணைக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து. வர்க்கிக்குமுன்னரே எண்ணை 32 பிட் லாங் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

படி 7: அளவு திருத்தல்

230 வோல்ட்டில் ஆர்எம்எஸ் எண்ணாக 249 வர வேண்டும் என்பது கணக்கு. ஆகவே தொடக்கக் குணகம் 230 ÷ 249 = 0.924. அதைப் பெருக்கினால் வீட்டு வோல்ட்டளவு. பிறகு சுவரில் செருகிய மீட்டரோடு ஒப்பிடுங்கள். அது 231 காட்ட, திரை 226 காட்டினால் புதிய குணகம் 0.924 × 231 ÷ 226 = 0.944. பகலில் ஒருமுறையும் இரவு உச்சநேரத்தில் ஒருமுறையும் ஒப்பிட்டு, இரண்டிலும் ஒத்துவந்தால்தான் திருத்தம் முடிந்தது.

பகலில் ஒத்து, வேறொரு யூஎஸ்பி சார்ஜருக்கு மாற்றியதும் பிசகினால் குற்றவாளி 5 வோல்ட் வழங்கல். ஏடிசி அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. அது 4.75 ஆக இறங்கினால் நடு பாதியிலேயே நிற்கும், ஆனால் அலை 5 சதவீதம் பெரிதாகத் தெரியும்; 230 வோல்ட் 242 ஆகிவிடும். ஒரே சார்ஜரைத் தொடர்ந்து பயன்படுத்துவது ஒரு வழி. சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் அளவுகோலை அவ்வப்போது வாசித்து, வழங்கல் எவ்வளவு என்று நிரலே கணித்துத் திருத்துவது சிறந்த வழி. அந்த 1.1 சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை வேறுபடும், ஆனால் ஒரே சிப்பில் அதிகம் நகராது. ஒருமுறை திருத்தினால் போதும்.

அலையின் மூலம் வேறானால்

டிரான்ஸ்போமரை நடுப்புள்ளியில் ஏற்ற முடிந்தது அது எதனோடும் ஒட்டாமல் தனித்து நின்றதால். ஒலிக்கருவி ஒன்றின் வெளியீடு போல ஒரு முனை ஏற்கெனவே கிரவுண்டில் இருந்தால் அப்படிச் செய்ய முடியாது. அங்கே 10 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் வழியாக அலையை நடுப்புள்ளிக்கு அனுப்ப வேண்டும். கப்பாசிட்டரின் பிளஸ் கால் நடுப்புள்ளிப் பக்கம். இந்த முறையில் நடுப்புள்ளியில் அலை ஆடியே ஆக வேண்டும் என்பதால் கிரவுண்டுக்குப் போகும் கப்பாசிட்டரை எடுத்துவிடுங்கள். இரண்டு 10 கிலோ ஓமோடு சேர்ந்து இது ஏறத்தாழ 3 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுக்கும். ஒலிக்கு அது போதும்.

மெதுவாக மாறும், பிளஸ் 10 இலிருந்து மைனஸ் 10 வரை போகும் சமிக்ஞையைக் கப்பாசிட்டர் கடத்தாது. மூன்று ரெசிஸ்டர் போதும்: சமிக்ஞையிலிருந்து 20 கிலோ ஓம், 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், கிரவுண்டிலிருந்து 20 கிலோ ஓம், மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கட்டும். மைனஸ் 10 வந்தால் 0, பூச்சியத்துக்கு 2.5, பிளஸ் 10 க்கு 5. ஆர்டுயினோவை அணைத்துவிட்டுச் சமிக்ஞையை மட்டும் விட்டுவைத்தால் அது ரெசிஸ்டர் வழியாகப் போர்டுக்குள் பின்வாசலால் நுழையும். அணைக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள்.

ஆர்டுயினோவுக்குப் பதில் 3.3 வோல்ட்டில் ஓடும் வைஃபை போர்டான ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் 1.65 வோல்ட்டை நடுவாக எடுக்க வேண்டாம். அதன் ஏடிசி, 11 டெசிபெல் தணிப்பு நிலையில் 0.15 முதல் 2.45 வோல்ட் வரைதான் ஒழுங்காக வாசிக்கும். மேலே போகப் போக வளைந்துவிடும். 3.3 வோல்ட் பக்கம் 15 கிலோ ஓமும் கிரவுண்ட் பக்கம் 10 கிலோ ஓமும் போட்டால் நடு 1.32 வோல்ட்டில் நிற்கும். 82 க்குப் பதில் 180 கிலோ ஓம் போட்டால் 260 வோல்ட்டிலும் அலை 0.38 க்கும் 2.26 க்கும் இடையே அடங்கும். வைஃபை ஓடும்போது இரண்டாம் ஏடிசியின் பின்கள் வேலை செய்யாது. 32 முதல் 39 வரையுள்ள பின்களில் ஒன்றையே எடுங்கள்.

ஒரே நடுப்புள்ளியில் மின்னோட்ட உணரிகள் இரண்டு மூன்றைச் சேர்ப்பதானால் அதை, புள்ளியைத் தளராமல் தாங்கும் பெருக்கிச் சிப்பான ஓப்-ஆம்ப் ஒன்றின் வழியாக எடுப்பது நல்லது. 5 வோல்ட்டில் எல்எம்358 போதும், 2.5 ஐ அது தாராளமாகத் தரும். 10 மைக்ரோஃபரட்டை ஓப்-ஆம்பின் உள்ளீட்டுப் பக்கமே வையுங்கள். வெளியீட்டில் நேரடியாக வைத்தால் அது அதிரத் தொடங்கி, நடுப்புள்ளியே ஒரு அலையாகிவிடும்.

பிரெட்போர்டில் எல்லாம் சரியானதும் துளையிட்ட செப்புப் பட்டிப் பலகையான வீரோ போர்டில் பற்றவைத்து, ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் பிளக்ஸைத் துடைத்துவிடுங்கள். பிரெட்போர்டின் உள்ளே உள்ள உலோகப் பிடிகள் கரையோர வீடுகளில் மாதக்கணக்கில் நிலைக்காது. நிரலிலும் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: தானே கண்டுபிடித்த நடு 490 க்குக் கீழே போனாலோ 534 க்கு மேலே போனாலோ வோல்ட்டளவைப் பதியாமல் பிழை என்று பதியட்டும். பிடி கழன்ற கம்பியோ உலர்ந்துபோன கப்பாசிட்டரோ உள்ளே வந்த ஈரமோ, பெரும்பாலும் முதலில் அந்த எண்ணில்தான் தெரியும்.